பழைய ஹைலக்ஸ் டபுள் கெப்: சொந்த எஞ்சினை ஓவர்ஹோல் பண்றதா, ரீகண்டிஷன் 3எல் போடுறதா?

90-கள்ல வந்த ஹைலக்ஸ் டபுள் கெப் வச்சிருக்கிற எல்லாருக்கும் ஒரு கட்டத்துல இந்தக் கேள்வி வந்தே தீரும். எஞ்சின் ஆயில் குடிக்க ஆரம்பிக்கும், நுவரெலியா போற வழியில இருக்கிற ரம்பொடை ஏத்தத்துல ரெண்டாவது கியருக்கு மேல போகாது, புகை டெஸ்ட் பாஸ் ஆகாம ரெவன்யூ லைசென்ஸும் எடுக்க முடியாது. எங்க வண்டியில இருக்கிறது டொயோட்டாவோட 2எல் டீசல் எஞ்சின் (2எல், 3எல்ங்கிறது லீட்டர் இல்ல, எஞ்சினோட பேரு), காத்த அழுத்தி உள்ள தள்ளுற டர்போ இல்லாதது. லீக்ஸ், கேரட் மூட்டை ஏத்துறது, உரம் கொண்டு வர்றது, கல்யாணம் காட்சின்னா வீட்டு ஆளுங்களோட போறது, எல்லாமே அதுலதான். அதுவும் அந்த நிலைமைக்கு வந்தப்போ கையில ரெண்டு வழி இருந்துச்சு. இருக்கிற எஞ்சினை இறக்கிப் பிரிச்சு, தேஞ்சத மாத்தி ஓவர்ஹோல் பண்றது ஒன்னு, கொழும்புல பழைய சாமான் விக்கிற பஞ்சிகாவத்தைக்குப் போய் ஜப்பான்ல ஓடி முடிச்சு வந்த ரீகண்டிஷன் 3எல் ஒன்னத் தூக்கிட்டு வந்து போடுறது இன்னொன்னு. நான் ஓவர்ஹோல்தான் பண்ணினேன், மலையில ஓடுற வண்டிக்கு யார் கேட்டாலும் அதத்தான் சொல்வேன்.

வித்துட்டு கொஞ்சம் புதுசா ஒன்னு எடுக்கலாமேன்னு கேப்பாங்க. 2020 மார்ச்ல வாகன இறக்குமதிய நிறுத்தினதுல இருந்து பழைய வண்டி விலை எல்லாம் எங்கயோ போயிருச்சு, 2025 பெப்ரவரியில தனியார் வாகனத்துக்குத் திரும்பவும் திறந்து விட்டாலும் வரியெல்லாம் சேர்த்துப் பாத்தா டபுள் கெப் நம்ம மாதிரி ஆளுங்களுக்கு எட்டுற விலையில இல்ல. அதனால அந்தப் பேச்ச இதோட விட்டுர்றேன்.

முதல்ல 3எல் பக்க நியாயத்தைச் சொல்லிர்றேன். அது 2எல்லோட அண்ணன்தான். 2எல் 2446 சிசி, 3எல் 2779 சிசி, போரும் (சிலிண்டரோட அகலம்) ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் போய் வர்ற தூரம்) 92 மில்லிமீட்டர்ல இருந்து 96-க்குக் கூடியிருக்கு, வெளி உருவம் கிட்டத்தட்ட ஒன்னுதான், அதனால மவுண்ட், கியர் பாக்ஸ் எல்லாம் பெரிய வெட்டு ஒட்டு வேலை இல்லாம உக்காரும். வேலை தெரிஞ்ச மெக்கானிக் பாஸ் கையில குடுத்தா வண்டி ஒரு வாரத்துக்குள்ள ரோட்டுக்கு வந்துரும். ஓவர்ஹோல் அப்படி இல்ல, லேத் பட்டறையில காத்துக் கிடக்கணும், சாமான் வர்ற வரைக்கும் பாத்துக்கிட்டு இருக்கணும். வண்டியில்தான் பொழப்புன்னா அந்த நாட்களோட வருமானத்தையும் செலவுல சேர்த்துக்கங்க. அப்புறம் எஞ்சின் பெருசா இருந்தா இறக்கத்துல எஞ்சின் பிரேக்கும் கொஞ்சம் கூடப் பிடிக்கும், மலையில அது சின்ன விஷயம் இல்ல.

ஆனா பவர் பவர்னு சொல்றத கொஞ்சம் நிதானமாப் பாக்கணும். 2எல் 80 சொச்சம் குதிரை சக்தி, 3எல் 90 சொச்சம், வித்தியாசம் அவ்வளவுதான். நுவரெலியா டவுன் கடல் மட்டத்துல இருந்து 1868 மீட்டர் உயரம், இங்க காத்தோட அழுத்தம் கொழும்புல இருக்கிறதுல கிட்டத்தட்ட அஞ்சுல நாலு பங்குதான், டர்போ இல்லாத எஞ்சின் எதுவா இருந்தாலும் அந்த அளவுக்கு மூச்சு குறைஞ்சுதான் ஏறும். காத்து குறைஞ்சாலும் பெரும்பாலான பழைய டீசல் பம்ப், கீழ செட் பண்ணின அளவுக்கே டீசலைத் தள்ளிக்கிட்டு இருக்கும், எரியாத டீசல்தான் கறுப்புப் புகையா வருது. நிறையப் பேர் இந்தப் புகையப் பாத்துட்டு எஞ்சின் போச்சுன்னு முடிவு கட்டுறாங்க. டீசலைப் பீச்சுற நோசிலை டெஸ்ட் பண்ணி, பம்பை மலைக்கு ஏத்த மாதிரி டீசலைக் கொஞ்சம் குறைச்சு செட் பண்ணி, ஏர் பில்டரையும் மாத்திப் பாருங்க. அதுக்கப்புறமும் எண்ணெய் குடிச்சு நீலப்புகை விட்டா மட்டும்தான் எஞ்சினை இறக்குற பேச்சு.

இனி முக்கியமான விஷயத்துக்கு வர்றேன், சூடு. 2எல், 3எல் ரெண்டுமே சூட்டத் தாங்காது. ஒரு தடவை நல்லாக் கொதிச்சுட்டா ஹெட்டுல, அதாவது சிலிண்டருக்கு மேல மூடியிருக்கிற பாகத்துல, கீறல் விடும், கீறல் விட்டா தண்ணி குறையும், தண்ணி குறைஞ்சா திரும்பவும் கொதிக்கும். மலையில இதுக்கு இன்னொரு காரணமும் சேருது. தண்ணி 100 டிகிரியில கொதிக்கும்னு பள்ளிக்கூடத்துல படிச்சது கடல் மட்டத்துக்கு, நுவரெலியா உயரத்துல திறந்த சட்டியில 94 டிகிரி பக்கத்துலயே கொதிச்சுரும். எஞ்சின் சாதாரணமா ஓடுற சூடே 80-ல இருந்து 90 டிகிரி. நடுவுல இருக்கிற இடைவெளி எவ்வளவு சின்னதுன்னு பாருங்க. அந்த இடைவெளியக் கூட்டித் தர்றது ரேடியேட்டர் மூடிதான், அது உள்ள அழுத்தத்தப் பிடிச்சு வைக்கிறதாலதான் தண்ணி கொதிக்காம நிக்குது. மூடியோட ரப்பர் காஞ்சு போய், ஸ்ப்ரிங் தளர்ந்து போயிருந்தா, கீழ கம்பளையில நல்லா ஓடுற வண்டி லபுக்கலை தாண்டுறதுக்குள்ள ஆவி விடும். ரேடியேட்டர் மூடி எஞ்சினோட ஒப்பிட்டா சில்லறைக் காசு, அத மாத்தாம எஞ்சின் விலை கேட்டுக்கிட்டு அலையுறது எனக்கு மனசே ஆறாத விஷயம்.

இப்ப ரீகண்டிஷன் எஞ்சினுக்கு வாங்க. கடையில அது வரிசையா அடுக்கியிருக்கும், வெளிய கழுவித் துடைச்சு பளபளன்னு இருக்கும், ஸ்டார்ட் பண்ணிக் காட்டுவாங்க, சத்தமும் நல்லாத்தான் இருக்கும். ஆனா அது ஜப்பான்ல எத்தனை தடவை கொதிச்சுது, எந்த வண்டியில இருந்து கழட்டினாங்க, டைமிங் பெல்ட் எப்ப மாத்தினது, யாருக்கும் தெரியாது. குடுக்கிறது செக்கிங் வாரன்டி, அதாவது போட்டு ஓட்டிப் பாக்குறதுக்கான வாரன்டி, அதுவும் சில நாளுக்கு. ஹெட்டுல இருக்கிற மயிரிழைக் கீறல் பஞ்சிகாவத்தையில அஞ்சு நிமிஷம் ஓட்டினா தெரியாது, மூட்டையோட மலை ஏறினாத்தான் தெரியும். எங்க மச்சான் ஒருத்தர் அப்படித்தான் ஒரு எஞ்சின் எடுத்துட்டு வந்து போட்டாரு, கொஞ்ச நாள் அருமையா ஓடுச்சு, அப்புறம் ரிசர்வ் போத்தல்ல தண்ணி குமிழ் குமிழா வர ஆரம்பிச்சுது. கடைசியில அந்த எஞ்சினோட ஹெட்டக் கழட்டித்தான் பாக்க வேண்டி வந்துச்சு. அந்த வேலைய சொந்த எஞ்சினுக்கே செஞ்சிருந்தா எஞ்சின் காசு மிச்சம்.

ஓவர்ஹோல்ல இந்த இருட்டு வேலை கிடையாது. எங்க பாஸ் எஞ்சினை இறக்கினதும் சொன்ன முதல் வார்த்தை, "தம்பி, மொதல்ல ஹெட்டப் பாப்போம், காசு கணக்கு அப்புறம் பேசலாம்". ஹெட்ட லேத்துக்குக் கொண்டு போனோம். தண்ணி போற வழி எல்லாத்தையும் ரப்பரும் இரும்புத் தகடும் வச்சு இறுக்கி அடைச்சு, உள்ள காத்து அடிச்சு, சுடுதண்ணித் தொட்டியில முக்குவாங்க. கீறல் இருந்தா குமிழ் வரும். ரெண்டு வால்வுக்கு நடுவுல, இல்லன்னா வால்வுக்கும் டீசல் முதல்ல எரியுற அந்த சின்ன அறைக்கும் நடுவுலதான் பெரும்பாலும் வரும், அதனால எல்லாரும் குனிஞ்சு அந்த இடத்தையே பாத்துக்கிட்டு நின்னோம். எங்க ஹெட்டுல குமிழ் வரல. வந்திருந்தா ஹெட் மட்டும் தேடியிருப்போம், முழு எஞ்சின் தேட வேண்டியதில்ல. அதுக்கப்புறம் பிளாக்குக்கு ஸ்லீவ், புது பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கெட் செட், ஆயில் பம்ப், வாட்டர் பம்ப், டைமிங் பெல்ட். எது புதுசு, எது பழசுன்னு எனக்கு ஒவ்வொன்னும் தெரியும். இந்த எஞ்சின்ல டைமிங் பெல்ட் 100,000 கிலோமீட்டருக்கு ஒருக்கா மாத்தணும், டேஷ்போர்ட்ல அதுக்குன்னே ஒரு சின்ன லைட் இருக்கு, பழைய வண்டியில பல்ப் செத்துப்போய்க் கிடக்கும், அதையும் மாத்துங்க.

எஞ்சின் வெளிய இருக்கிறப்பவே கூலிங் வேலை அத்தனையும் முடிச்சுரணும், எந்த வழி போனாலும் இதுல மிச்சம் பிடிக்காதீங்க. செம்பு ரேடியேட்டர்னா டேங்க்கக் கழட்டி உள்ள கம்பி விட்டு சுத்தம் பண்ணலாம், அந்த வேலை தெரிஞ்ச ஆளுங்க நம்ம டவுன்கள்ல இன்னும் இருக்காங்க. ரேடியேட்டர் பேனை எஞ்சினோட சேர்க்கிற பேன் கப்ளிங்க்குள்ள இருக்கிற சிலிக்கன் ஆயில் காலப்போக்குல கசிஞ்சுரும், எஞ்சின் சூடா இருக்கிறப்போ நிறுத்திட்டு பேன கையால சுத்திப் பாருங்க, தடையே இல்லாம கிறுகிறுன்னு சுத்தினா அது போச்சு. எஞ்சின் சூடேறுற வரைக்கும் தண்ணியத் தடுத்து வைக்கிற தெர்மோஸ்டாட்டக் கழட்டி எறியுற பழக்கம் நம்ம பக்கம் நிறைய இருக்கு, அது நல்லதில்ல, குளிர்ல எஞ்சின் சூடேறாம ஓடி டீசலும் கூடப் போகும், தேய்மானமும் கூடும். வெறும் பைப் தண்ணி ஊத்தாம கூலன்ட் ஊத்துங்க.

வண்டியோட பதிவுப் புக் விஷயமும் ஒன்னு இருக்கு. எஞ்சின் மாத்தினா நம்பர் மாறும், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துல பதிவு மாத்தணும், அதுக்கு எஞ்சினோட பில்லும் கஸ்டம்ஸ் பேப்பரும் கேட்டு வாங்கி வச்சிருக்கணும். நாளைக்கு விக்கப் போனா வாங்க வர்ற ஆள் முதல்ல குனிஞ்சு பாக்குறது எஞ்சின் நம்பரத்தான். புக்கும் எஞ்சினும் ஒத்துப் போனா பேச்சே வேற. ஓவர்ஹோல்ல இந்தத் தலைவலி இல்ல.

எஞ்சின் விலையில மிச்சமான காச பிரேக்குக்கும் ஸ்ப்ரிங்குக்கும் போட்டேன், நான் செஞ்ச அப்கிரேடுன்னா அதுதான். இந்த எஞ்சின்ல பிரேக் பூஸ்டருக்கான வேக்யூம் பம்ப் ஆல்டர்னேட்டருக்குப் பின்னாடி இருக்கு, அது பலவீனமானா பெடல் கல்லு மாதிரி ஆயிரும், ஆல்டர்னேட்டர் கழட்டுறப்பவே அதையும் பாருங்க. பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்த உறிஞ்சும், டாட் 3-ங்கிற ரகம் புதுசா இருக்கிறப்போ 205 டிகிரி வரைக்கும் கொதிக்காது, ஈரம் ஏறினா 140 வரைக்கும் இறங்கிரும், மழையும் பனியுமா இருக்கிற நம்ம ஊர்ல ரெண்டு வருஷத்துக்கு ஒருக்காவாவது மாத்துறது நல்லது, நான் டாட் 4 ஊத்தியிருக்கேன்.

பின் ஸ்ப்ரிங்குக்கு ஒரு பட்டை கூடப் போட்டோம், மூட்டை ஏத்தினா பின்னாடி குந்தாம இருக்கட்டும்னு. இதுல ஒன்னு கட்டாயம் கவனிக்கணும். பின் ஆக்சில்ல இருந்து சேசிஸுக்கு ஒரு மெல்லிய கம்பி போகும், அது போய்ச் சேர்ற வால்வுதான் பாரத்தப் பாத்து பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் விடணும்னு முடிவு பண்ணுது. பட்டை போட்டு வண்டி உயர்ந்துட்டா அந்த வால்வுக்கு வண்டி வெறுமையா இருக்கிற மாதிரிதான் படும், பின் பிரேக்கக் குறைச்சுரும், மூட்டையோட இறங்குறப்போ முன் பிரேக்கே எல்லாத்தையும் தாங்கி சூடாகும். கம்பியோட பிராக்கெட்ட அந்த உயரத்துக்கு ஏத்த மாதிரி சரி பண்ணினாப் போதும், ஆனா பாஸ்கிட்ட நீங்களே ஞாபகப்படுத்தணும்.

டர்போ ஏத்தின 2எல் நான் ஓட்டினதில்ல, அதனால அதப் பத்தி அடிச்சுச் சொல்ல மாட்டேன், உயரத்துல காத்துக் குறைய அது ஈடுகட்டும்ங்கிறது உண்மைதான், ஆனா சூட்டத் தாங்காத ஹெட்டுக்கு மேல இன்னும் சூட்ட ஏத்துறதுல எனக்கு மனசு ஒப்பல. நிசானோட டிடி27 டீசல் எஞ்சின்ல டைமிங் பெல்ட்டே இல்ல, கியர்தான், அது பெரிய நிம்மதி, ஆனா அத வச்சுப் பராமரிச்ச அனுபவம் எனக்கு இல்ல.

பிளாக்கே வெடிச்சுப் போச்சு, இல்ல கிராங்க் செய்யவே முடியாத அளவுக்குப் போச்சுன்னா ரீகண்டிஷன்தான் வழி, அப்ப தாராளமா 3எல்லே எடுங்க. ஆனா உங்க பாஸையும் கூட்டிக்கிட்டுப் போங்க. எஞ்சின் கை வச்சா ஜில்லுன்னு இருக்கிறப்போ உங்க முன்னாடி ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க, ஆயில் மூடியத் திறந்து அடிப்பக்கம் பால் மாதிரி வெள்ளையா படிஞ்சிருக்கான்னு பாருங்க, பில்லும் கஸ்டம்ஸ் பேப்பரும் கையில வராம முழுக் காசையும் குடுக்காதீங்க. வீட்டுக்குக் கொண்டு வந்ததும் வண்டியில ஏத்துறதுக்கு முன்னாடியே ஹெட்டக் கழட்டி லேத்துல காத்து டெஸ்ட் போட்டுருங்க, டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் மூணையும் புதுசா மாத்திட்டு அப்புறம் ஏத்துங்க.