மேக் வடிகட்டி: சில வருடப் புழக்கத்துக்குப் பிறகு

வீட்டு வைஃபையில் எந்தக் கருவி சேரலாம், எது சேரக்கூடாது என்பதை ரவுட்டரின் மேக் வடிகட்டியை வைத்துச் சில வருடங்களாக மேய்த்துவருகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது பூட்டு இல்லை, வருகைப் பதிவேடு. அப்படி நினைத்துப் பயன்படுத்தினால் உபயோகம் உண்டு. பூட்டு என்று நம்பினால் தலைவலிதான் மிச்சம்.

அறிமுகம் தேவைப்படுபவர்களுக்கு: வைஃபை உள்ள ஒவ்வொரு கருவிக்கும் 48 பிட்டில் ஒரு மேக் முகவரி உண்டு. இரண்டிரண்டாக ஆறு ஜோடி எழுத்துகள். கருவியோடு வரும் முகவரியில் முதல் மூன்று ஜோடி பொதுவாகத் தயாரிப்பாளரைக் குறிக்கும். இந்த முகவரிகளை ரவுட்டரில் பட்டியலிட்டு, ‘இவை மட்டும் வரலாம்’ என்றோ ‘இவை வரக்கூடாது’ என்றோ வைக்கலாம்.

‘வரக்கூடாது’ பட்டியலை நம்பி எதையும் செய்யாதீர்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் மகனின் போனுக்கு நெட் கிடையாது என்று வைத்திருந்தேன். பல ரவுட்டர்களில் நேரக் கட்டுப்பாடும் மேக் முகவரியை வைத்துத்தான் இயங்குகிறது. அவன் போன் அமைப்பில் ‘தனிப்பட்ட முகவரி’ என்ற சுவிட்சைத் தட்டி மறுபடி இணைத்தான், அவ்வளவுதான். ரவுட்டரைப் பொறுத்தவரை யாரோ புது ஆள் வந்திருக்கிறார், தடை எதுவும் இல்லை. “எல்லாருக்கும் தெரியும்ப்பா இது” என்று அவன் சொன்னது வேறு கதை.

இந்தச் சுவிட்ச்தான் மேக் வடிகட்டியின் காலத்தையே மாற்றியது. 2019-இல் ஆண்ட்ராய்டு 10, 2020-இல் ஐஓஎஸ் 14 வந்ததிலிருந்து போன்கள் தங்கள் உண்மையான முகவரியைக் காட்டாமல், ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு கற்பனை முகவரியைத் தாங்களே உருவாக்கிக்கொள்கின்றன. 2024-இன் ஐஓஎஸ் 18-இல் அவ்வப்போது தானே மாறும் முகவரிக்கும் இடமிருக்கிறது. ஊர் சுற்றும்போது நம்மை யாரும் பின்தொடரக் கூடாது என்பதற்காகச் செய்தது, நல்ல விஷயம்தான். ஆனால் ‘இவை மட்டும்’ பட்டியல் வைத்திருப்பவன் பாடு திண்டாட்டம். வேலை செய்துகொண்டிருந்த போன் திடீரென்று வெளியே நிற்கும். அது சொல்லும் காரணமும் உதவாது. சில போன்கள் ‘இணைக்க முடியவில்லை’ என்று முடித்துக்கொள்ளும், சில கடவுச்சொல்லையே சந்தேகப்படும். விருந்துக்கு வந்த அக்கா மகள் “மாமா, பாஸ்வேர்ட சரியாத்தான் போடுறேன், எடுக்கவே மாட்டேங்குது” என்று திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருப்பாள். நாம் போய் ரவுட்டர் பக்கத்தைத் திறக்க வேண்டும்.

கற்பனை முகவரியை அடையாளம் காண ஒரு வழி இருக்கிறது. முகவரியின் இரண்டாவது எழுத்தைப் பாருங்கள். அது 2, 6, A, E இவற்றில் ஒன்றாக இருந்தால் கருவி தானே வைத்துக்கொண்ட முகவரியாகத்தான் பெரும்பாலும் இருக்கும். ரவுட்டரில் பெயர் இல்லாமல் ஏதோ ஒன்று தெரிகிறதே என்று பதறுவதற்கு முன் இதைப் பாருங்கள். நான் பார்த்தவரை முக்கால்வாசி வீட்டுப் போன்தான்.

பாதுகாப்பு என்று வந்தால், மேக் முகவரி காற்றில் வெளிப்படையாகவே போகிறது. வைஃபையின் பாதுகாப்பு முறைகளான டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டுமே உள்ளடக்கத்தைத்தான் மறைக்கின்றன, முகவரியை இல்லை. விஷயம் தெரிந்தவன் உங்கள் டிவியின் முகவரியைக் காற்றிலிருந்தே எடுத்துத் தன் லேப்டாப்புக்குச் சூட்டிக்கொள்ளலாம். அப்போதும் அவனைத் தடுப்பது கடவுச்சொல்தான். அதனால் நீளமான கடவுச்சொல், முடிந்தால் டபிள்யூபிஏ3, இவற்றை முதலில் சரிசெய்யுங்கள். கடவுச்சொல்லைத் தட்டாமலே கருவியை இணைக்க உதவும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள், அதன் எட்டு இலக்க ரகசிய எண்ணை (PIN) ரவுட்டர் இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால் அதிகபட்சம் 11,000 முயற்சியில் உடைத்துவிடலாம் என்று 2011-லேயே தெரிந்துவிட்டது. வைஃபை பெயரை மறைத்துவைப்பது பற்றிக் கேட்பவர்களுக்கு: வேண்டாம், ஒரு பிரயோசனமும் இல்லை.

பிறகு எதற்கு இன்னும் வடிகட்டியை வைத்திருக்கிறேன்? கேமரா, பல்பு, பிரிண்டர், வாஷிங் மெஷின் இவற்றுக்காக. இவை வழக்கமாக முகவரியை மாற்றுவதில்லை. மாதக்கணக்கில் பட்டியலில் கைவைக்க வேண்டியதில்லை. எனவே வீட்டு வைஃபையை மூன்றாகப் பிரித்துவிட்டேன். போனும் லேப்டாப்பும் இருக்கும் முதன்மை வைஃபையில் வடிகட்டி இல்லை, கடவுச்சொல் மட்டும். வருகிறவர்களுக்குத் தனி விருந்தினர் வைஃபை. நினைத்தபோது அதன் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம், நம் கருவிகள் எதுவும் பாதிக்காது. மூன்றாவது, 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இந்தப் பொருள்களுக்கு மட்டும். அங்கேதான் ‘இவை மட்டும்’ பட்டியல். புது முகவரி ஏதாவது அதில் எட்டிப்பார்த்தால் ரவுட்டரின் பதிவில் பளிச்சென்று தெரியும்.

குறைகளும் இருக்கின்றன. விருந்தினர் வைஃபையிலிருந்து நம் டிவிக்கு வீடியோ அனுப்ப முடியாது, அது தனிமைப்படுத்தப்பட்டிருப்பதால். இடையில் சிக்னல் நீட்டிப்பான் வைத்தால், சில மாடல்களில் அதன் வழியாக வரும் கருவியின் முகவரி வேறாகத் தெரியும்; பட்டியலில் அதையும் சேர்க்க வேண்டும். லேப்டாப்பில் கேபிளுக்கு ஒரு முகவரி, வைஃபைக்கு ஒன்று. பிரிண்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலும் சில நேரம் இரண்டும் இருக்கும், பொடி எழுத்தில். டார்ச் அடித்துப் பார்த்து வைஃபைக்கு உரியதை எழுதிக்கொள்ளுங்கள்.

பட்டியலைத் தனியாக ஒரு கோப்பிலும் வைத்துக்கொள்வது நல்லது, முகவரிக்குப் பக்கத்தில் ‘மாடி கேமரா’, ‘சமையலறை பல்பு’ என்று பெயரோடு. ரவுட்டர் எடுத்துத் தரும் காப்புக் கோப்பு வேறு மாடலில் பெரும்பாலும் ஏறாது. புது ரவுட்டர் வாங்கப் போகிறவர்கள், ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் தனித்தனி வடிகட்டி வைக்க முடிகிறதா, பட்டியலில் எத்தனை முகவரி ஏறும் என்ற இரண்டையும் கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள். விலை குறைந்த மாடல்கள் சிலவற்றில் வடிகட்டியைப் போட்டால் எல்லா வைஃபைக்கும் சேர்த்துத்தான் விழும். அப்படியானால் நான் சொன்ன பிரிவினை அதில் நடக்காது.