கைய எடுக்க கத்துக்கிட்ட பத்து சனிக்கிழமை: அம்மா பிள்ளை ஆர்ட் தெரபி, என் அனுபவம்

எங்க பெரும்பாக்கம் குடியிருப்புல ஒரு சின்ன ட்ரஸ்ட் நடத்துற ஆர்ட் தெரபிக்கு (படம் வரைய வெச்சு மனச ஆத்துற முறை) நானும் என் 9 வயசு பையனும் பத்து வாரம் போனோம், அத பத்திதான் எழுதுறேன். பேர் போடல, ஏன்னா கொறையும் சொல்லணும், ரெண்டே பேர் கஷ்டப்பட்டு நடத்துற இடம். என் மார்க் 5க்கு 4.

மொதல்ல எங்க நெலம சொல்லிடுறேன். 2015 வெள்ளத்துக்கு அப்புறம் கூவம், அடையாறு கரையோரம் இருந்தவங்கள எல்லாம் எடுத்து பெரும்பாக்கத்துக்கு அனுப்புனாங்கல்ல, அப்படி வந்த குடும்பம்தான் எங்களதும். வீடு இங்க வந்துடுச்சு, வேல அங்கயே இருந்துடுச்சு. நான் மயிலாப்பூர்ல மூணு வீட்டுல சமையல் வேல பாக்குறேன், காலைல அஞ்சரைக்கு கெளம்புனா திரும்ப ராத்திரி ஏழு, ஏழரை ஆகும். அவருக்கு குடி ஜாஸ்தி, ரெண்டு வருஷமா தனியாதான் இருக்கோம். பையன் ஸ்கூல் விட்டு வந்தா பக்கத்து வீட்டு ஆயாதான் பாத்துக்கும். நான் வந்தா ஹோம்வொர்க் எழுதுனியா, ஏன் சட்ட கிழிஞ்சிருக்கு, யார அடிச்சேன்னு கேள்விதான், பதில் வரலேன்னா கை நீண்டுடும். ஆமா, அடிச்சிருக்கேன். ஸ்கூல் டீச்சர் கூப்புட்டு "இவன் பேசவே மாட்றான்மா, கோவம் வந்தா கையில இருக்குறத தூக்கி போடுறான்"னு சொல்லி இந்த இடத்த சொன்னாங்க.

டிராயிங் கிளாஸ்னு நெனச்சுதான் போனேன். அப்படி இல்ல. மொத நாளே தரையில ஒரு பெரிய சார்ட் பேப்பர விரிச்சு எனக்கு பச்ச க்ரேயான், பையனுக்கு நீல க்ரேயான் குடுத்து, ரெண்டு பேரும் இதே பேப்பர்ல பத்து நிமிஷம் வரையுங்க, ஆனா பேசக்கூடாது, கலர் மாத்தக்கூடாதுன்னு அங்க வகுப்பு நடத்துற அக்கா சொல்லிட்டாங்க. பையன் ஒரு வீடு போட்டான், பக்கத்துல கொழா, கொழா கீழ வரிசையா கொடம். கூர கோணலா இருந்துச்சு, நான் பச்சையில நேராக்குனேன். கொடத்துக்கு வாய் போடல, நான் போட்டேன். அவன் நகந்து போயி ஓரத்துல ஒரு மரம் ஆரம்பிச்சான், நான் அங்கயும் போயி கெள வெச்சேன். கடைசில அவன் பேப்பர் மூலைக்கு போயி சின்னதா ஒரு ஆள் போட்டு அத சுத்தி நீலத்துல கட்டம் கட்டுனான், ஒரு தடவ இல்ல, க்ரேயான் மொன ஒடையற வரைக்கும் அதே கோட்டு மேலயே திரும்ப திரும்ப அழுத்தி அழுத்தி இழுத்துட்டே இருந்தான்.

அந்த அக்கா ஒண்ணும் விளக்கம் சொல்லல. பேப்பர சுவத்துல ஒட்டிட்டு "ரெண்டு பேரும் தள்ளி நின்னு பாருங்க, எந்த கலர் எங்கெல்லாம் போயிருக்கு"ன்னு மட்டும் கேட்டாங்க. பேப்பர் பூரா பச்ச. நீலத்துக்குன்னு சுத்தமா மிஞ்சுனது அந்த மூல மட்டும்தான். எனக்கு அழுக வந்துடுச்சு, நெஜமாவே வந்துடுச்சு, பையன் என்னயே பாத்துட்டு நின்னான்.

ஆளுக்கு ஒரு கலர் குடுக்குறதே இதுக்குத்தானாம், யாரு யாரு எடத்துக்குள்ள போறாங்கன்னு கண்ணுக்கு தெரியணும். குடும்பத்த ஒண்ணா ஒக்கார வெச்சு வரைய சொல்லி அத அவங்களையே பாக்க வெக்கிற முறைய 1950, 60கள்ல அமெரிக்காவுல அரசு மனநல ஆராய்ச்சி நிலையத்துல ஹன்னா க்வியாட்கோவ்ஸ்கான்னு ஒரு அம்மா வளத்தாங்களாம். இன்னொரு கதையும் சொன்னாங்க, அது எனக்கு மனசுல நின்னுடுச்சு. வியன்னாவுல பொறந்த ஈடித் க்ராமர், நாஜிங்களுக்கு பயந்து ஓடிவந்த அகதி பசங்களுக்கு பிராக் நகரத்துல தன்னோட டீச்சர் ஃப்ரீடல் டிக்கர் படம் வரைய சொல்லிக்குடுத்தப்ப கூட நின்னு உதவி பண்ணவங்க, 1938ல நியூயார்க் போயி அங்கயும் கஷ்டப்பட்ட பசங்களோடயே வேல பாத்தாங்க. அவங்க சொன்னது "மூணாவது கை". பக்கத்துல இருக்குறவங்க கை பிள்ளைக்கு ஒத்தாசையா மட்டும் இருக்கணும், நம்ம கோட்ட, நம்ம ருசிய அதுல திணிக்கக்கூடாது. பேப்பர் கிழிஞ்சா பின்னாடி டேப் ஒட்டு, பெயிண்ட் தண்ணியா போனா கெட்டியா கலக்கி குடு, அவ்ளோதான். கேக்கும்போது ரொம்ப ஈசியா தெரியும். மூணு வாரம் நான் என் கைய தொடைக்கு கீழ வெச்சு அதுமேல ஒக்காந்துதான் இருந்தேன், இல்லேன்னா அது தானா போயிடும்.

நாலாவது வாரம் நடந்தத சொல்லியே ஆகணும். கிறுக்கல் வெளையாட்டு, லண்டன்ல வின்னிகாட்னு ஒரு கொழந்த டாக்டர் பசங்களோட பேசுறதுக்கு இத வெச்சிருந்தாராம். நான் கண்ணமூடி ஒரு கிறுக்கு கிறுக்கணும், அத அவன் ஏதாவது உருவமாக்கணும், அப்புறம் அவன் கிறுக்குவான் நான் ஆக்கணும். என் கிறுக்கல அவன் லிஃப்ட் ஆக்கிட்டான். உள்ள ஒரு பொம்பள, கையில கட்ட பை. யாருடா இதுன்னேன். "நீதான். லிஃப்ட்ல மாட்டிக்கிட்ட, அதான் லேட்டு"ன்னான். எங்க பிளாக்ல லிஃப்ட் பாதி நாள் ஓடாது. நான் வர லேட்டாகுற ஒவ்வொரு ராத்திரியும் எம்புள்ள எனக்காக ஒரு காரணம் கண்டுபிடிச்சு வெச்சிட்டு காத்துட்டு இருந்திருக்கான், நான் வந்ததும் வராததுமா ஹோம்வொர்க்கு கேட்டிருக்கேன். அன்னிலேந்து பஸ் சோழிங்கநல்லூர் வந்ததும் ஆயா போனுக்கு கூப்புட்டு "வந்துட்டே இருக்கேன்டா"ன்னு சொல்லிடுறேன். ஆயா சொல்லுது, போன் வந்தப்புறம்தான் சாப்புடுறானாம்.

இவங்ககிட்ட எனக்கு ரொம்ப புடிச்சது, கருப்பு போட்டா இந்த வியாதி, செவப்பு போட்டா அந்த கோவம்னு ஜோசியம் சொல்ல மாட்டாங்க. யூடியூப்ல அப்படி நெறய ஓடுது, நம்பாதீங்க. பையன் பேப்பர் பூரா கருப்படிச்ச அன்னிக்கி நான் பயந்துட்டேன், அக்கா அவன்கிட்டயே கேட்டாங்க, கரண்ட் போன ராத்திரின்னு சொன்னான்.

இன்னொன்னு, எல்லா வீட்டுக்கும் இது ஒடனே சரிவராதுன்னு அவங்களே சொல்றாங்க. எங்க பேட்ச்ல ஒரு அக்கா வீட்டுல இன்னும் அடி ஒத நடக்குதுன்னு தெரிஞ்சதும், அப்பா பிள்ளை சேந்து வரையிற வேலையே வேணாம்னு நிறுத்திட்டாங்க, ஏன்னா பிள்ள ஏதாவது வரைஞ்சுட்டா வீட்டுக்கு போயி அதுக்கும் அடி விழும். அந்த அக்காவ தனியா ஒக்கார வெச்சு பொம்பளைங்களுக்கான உதவி நம்பர் 181க்கு பேச வெச்சாங்க, பசங்களுக்குன்னா 1098. மனசு ரொம்ப பாரமா இருந்தா அரசு மனநல உதவி நம்பர் 14416ல எந்த நேரமும் பேசலாம், காசு இல்ல. இந்த மாதிரி நிதானம் இல்லாத இடமா இருந்தா பிள்ளய கூட்டிட்டு போகாதீங்க, எங்க படிச்சீங்க, உங்க வேலய யாரு மேற்பார்வ பாக்குறாங்கன்னு தைரியமா கேளுங்க, நல்லவங்க கோவிச்சுக்க மாட்டாங்க.

இப்ப கொற. என் பையன் படத்த என்ன கேக்காமலே அவங்க ஸ்டேட்டஸ்ல போட்டாங்க, பேர் போடலதான், ஆனா எங்க பிளாக் பேரு படத்துலயே இருந்துச்சு. நான் சண்ட போட்டேன், அன்னிக்கே எடுத்துட்டாங்க, இப்ப எழுதி கையெழுத்து வாங்கிட்டுதான் போடுறாங்க. அடுத்து நேரம். சனிக்கிழம பத்துலேந்து பன்னெண்டுன்னா என்ன மாதிரி வீட்டு வேல பாக்குறவங்களுக்கு அன்னிக்கி ரெண்டு வீட்டு சம்பளம் புடிப்பாங்க, வகுப்பு இலவசம்னாலும் எனக்கு இலவசம் இல்ல. ஞாயித்துக்கெழம வெச்சா பாதி பேர் வருவாங்க, அப்பாமாருங்களும் வருவாங்க, எங்க பேட்ச்ல ஒரே ஒரு அப்பாதான்.

பெரிய கொற முடிச்ச விதம். பத்தாவது வாரம் டீ பிஸ்கட் குடுத்து படத்தயெல்லாம் ஃபைல் போட்டு கையில குடுத்து முடிஞ்சுதுன்னுட்டாங்க. பதினோராவது சனிக்கிழம பையன் தானா கெளம்பி போயி பூட்டுன கதவுகிட்ட நின்னுருக்கான். ஏற்கனவே அப்பா போயி, பழகுன தெருவும் போயிருச்சுன்னு இருக்குற பசங்க இவங்க, முடியப்போகுதுன்னு மூணு வாரம் முன்னாடியே சொல்லி பழக்கியிருக்கணும். இத நேர்லயும் சொன்னேன், நோட்ல எழுதிக்கிட்டாங்க. அந்த ஒரு மார்க் கொறச்சது இதுக்குத்தான்.

பையன் இப்பவும் கோவப்படுறான், நானும் கத்துறேன். அடிக்கிறது நின்னுருக்கு, தீபாவளிக்கு முன்னாடி ஒரு தடவ தவிர. ஞாயித்துக்கெழம சாயங்காலம் பழைய தேதி காலண்டர் பின்பக்கத்துல அரமணி நேரம் வரையிறோம். வீட்டுல நாம பண்றது தெரபி இல்ல, சும்மா சேந்து வரையிறதுதான், அதுவே எங்களுக்கு பெருசு.

போறவங்க பழைய துணி போட்டுட்டு போங்க, போஸ்டர் கலர் கற அவ்ளோ சீக்கிரம் போகாது. அடுத்த பேட்சுக்கு பேர் குடுத்துட்டேன், பெத்தவங்கதான் வரணும்னு இல்ல, பிள்ளய யாரு பாத்துக்குறாங்களோ அவங்களும் வரலாம்னு சொல்லியிருக்காங்க. பையன் ஆயாவையும் கூட்டிட்டு போறானாம், ஆயாவுக்குன்னு ஒரு ஆரஞ்சு க்ரேயான இப்பவே தனியா எடுத்து ஜாமெட்ரி பாக்ஸ்ல வெச்சிருக்கான்.