பெட்டியில் போட்ட 20 கிலோவை நம்பி டிரைபாட் வாங்காதீர்கள்

மார்கழி பிறந்தால் முகூர்த்தம் கிடையாது. கும்பகோணம், மன்னார்குடி பக்கத்து ஸ்டுடியோக்காரர்கள் பலர் அந்த மாதத்தில்தான் பறவைப் படம் எடுக்க வடுவூருக்கும் கோடியக்கரைக்கும் கிளம்புகிறார்கள். லென்ஸுக்கே கடன் வாங்கியிருப்பார்கள். கேமராவைத் தாங்கும் முக்காலியான டிரைபாடுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். இப்படிப்பட்டவர்களிடம் என்ன விற்கப்படுகிறது என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

டெல்டாவில் உள்ள ஒரு கேமரா கடை. புகார் விசாரணையில் இருப்பதால் பெயர் போடவில்லை. 600 மி.மீ. வரை போகும் ஜூம் லென்ஸ், கேமராவோடு சேர்த்துக் கிட்டத்தட்ட 4 கிலோ, கடலோரக் காற்றில் ஆடாமல் நிற்க வேண்டும் என்று விவரமாகச் சொல்லித்தான் கேட்டேன். "முழுக்க கார்பன் ஃபைபர் சார், 20 கிலோ தாங்கும்" என்று கடைக்காரர் ஒன்றை எடுத்து வைத்தார். பெட்டியிலும் அதுவே அச்சாகியிருந்தது. 14,500 ரூபாய் கொடுத்தேன். பில்லில் 'டிரைபாட் 1' என்று மட்டும் இருந்தது.

கோடியக்கரையில் பூநாரைகள் இறங்கியிருந்த ஒரு காலையில் அதன் லட்சணம் தெரிந்தது. முழு ஃப்ரேம் கேமராவில் 600 மி.மீ. லென்ஸ் பார்ப்பது ஏறக்குறைய 4 பாகை மட்டுமே. டிரைபாடின் கால் மயிரிழை அசைந்தாலும் படத்தில் பறவை தாண்டிக் குதிக்கும். வாடைக்காற்று லென்ஸ் முனையில் மாட்டிய ஹூடில் மோதும்போதெல்லாம் திரை நடுங்கியது. கையை எடுத்த பிறகும் நடுக்கம் அடங்கவே நேரம் பிடித்தது. ஒரு படம்கூடக் கூர்மையாக வரவில்லை. அப்புறம், கால் விரியும் கோணத்தை நிறுத்துகிற லாக் பட்டென்று உடைந்து ஒரு கால் அகன்று போனது. பக்கத்தில் நின்ற நண்பர் லென்ஸைத் தாங்கிப் பிடிக்காவிட்டால் இரண்டு லட்சத்துக்குக் கிட்டத்தட்ட விலை போகிற பொருள் மண்ணில் விழுந்திருக்கும். உடைந்த இடத்துக்குக் கீழே கறுப்புப் பின்னல் ஓரம் பிரிந்து நின்றது. நகத்தால் இழுத்தேன், தோல் போல உரிந்து வந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று அலுமினியக் குழாய். கார்பன் போலத் தெரியும் ஒட்டுப்படத்தைச் சுற்றி விற்றிருக்கிறார்கள்.

அலுமினியம் மட்டமானது என்று சொல்ல வரவில்லை. தடித்த அலுமினியக் கால் நன்றாகவே நிற்கும், எடைதான் கூடுதல். கார்பன் எடை குறைவு, அதிர்வையும் சீக்கிரம் அடக்கும். அதனால்தான் அந்த விலை. மெல்லிய அலுமினியத்துக்கு அந்த விலையை வாங்கியதுதான் மோசடி.

திரும்பக் கொண்டுபோனால், "உப்புத் தண்ணியில இறக்கியிருப்பீங்க" என்றார். நான் வைத்திருந்தது காய்ந்த மணல் திட்டில். நனைந்திருந்தால்கூட உள்ளே அலுமினியம் இருந்ததற்கு அது பதில் ஆகாது. கடைசியில் பில்லின் அடியில் இருந்த 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற வரியைக் காட்டினார். அந்த வரி அவரைக் காப்பாற்றாது. குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் காலவரை போடாவிட்டால், 30 நாளுக்குள் திரும்ப எடுத்துப் பணத்தைத் தர வேண்டும்.

வாங்கப் போகிறவர்கள் முதலில் அந்த 20 கிலோவை மறந்துவிடுங்கள். தாங்கும் எடைக்கு எல்லா நிறுவனங்களும் ஒத்துக்கொண்ட பொது அளவுகோல் கிடையாது. அவரவர் சோதித்து அவரவர் போடும் எண் அது. உடையாமல் தாங்குவது வேறு, ஆடாமல் நிற்பது வேறு. நமக்கு வேண்டியது இரண்டாவது. அதற்குக் குழாயின் விட்டத்தைப் பாருங்கள். சுவர்த் தடிமன் ஒன்றாக இருந்தால், 25 மி.மீ. குழாயைவிட 32 மி.மீ. குழாய் ஏறக்குறைய இரண்டு மடங்கு விறைப்பாக இருக்கும். பெரிய லென்ஸுக்கு மேல்குழாய் 32 மி.மீ. அளவில் இருப்பது நல்லது. நான்கு அடுக்குக் காலில் கடைசிக் குழாய் மெலிந்துபோகும், மூன்று அடுக்கே மேல். மூன்று காலுக்கும் நடுவே கேமராவை உயர்த்துகிற நடுத்தண்டு வேண்டவே வேண்டாம். அதைத் தூக்கினால் மூன்று காலின் உறுதியும் ஒற்றைக் குச்சிக்கு வந்துவிடும். மேலே, உருண்டையில் எல்லாப் பக்கமும் சுழலும் பால் ஹெட் வைத்தால், பிடி தளரும்போது லென்ஸ் தலைகுப்புறச் சாயும். லென்ஸை ஊஞ்சல் போலத் தாங்கும் ஜிம்பல் ஹெட்டில் சமநிலைப்படுத்தி வைத்தால் விரலால் தொட்டே திருப்பலாம்.

கார்பன்தானா என்று கடையிலேயே கண்டுபிடித்துவிடலாம். திருகு லாக்கை முழுக்கக் கழற்றி ஒரு காலை உருவி, குழாயின் வெட்டு முனையையும் உள்சுவரையும் பாருங்கள். அலுமினியம் என்றால் பளபளப்பு காட்டிக்கொடுக்கும். நாணயத்தால் தட்டினால் அலுமினியம் கணீரென்று ஒலிக்கும், கார்பன் மந்தமாகத்தான் ஒலிக்கும். கழற்றக் கூடாது என்று சொல்கிற கடையில் வாங்காதீர்கள். சொந்த லென்ஸைக் கொண்டுபோய் மாட்டி, கேமராவின் பின்திரையில் நேரடியாகத் தெரியும் காட்சியை (லைவ் வியூ) 10 மடங்கு பெரிதாக்கி, காலை லேசாகத் தட்டிவிட்டு நடுக்கம் எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று பாருங்கள். இந்தச் சோதனைக்கு ஈடாக எந்த விளம்பரமும் இல்லை.

பணம் சேரும்வரை அவசரப்பட்டு மட்டமானதை வாங்க வேண்டாம். தடித்த துணிப்பையில் நெல்லோ உளுந்தோ நிரப்பி, வரப்பிலோ கார் ஜன்னலிலோ வைத்து எடுக்கலாம். நான் இப்போது அப்படித்தான் எடுக்கிறேன், படங்கள் தெளிவாகவே வருகின்றன.

ஏற்கெனவே இப்படி ஏமாந்தவர்கள் பெட்டி, பில், உரிந்த குழாயின் படம் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசுங்கள். சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. இனி வாங்குகிறவர்கள் பில்லில் மாடல் பெயரையும் 'கார்பன் ஃபைபர்' என்ற சொல்லையும் எழுதச் சொல்லி, அதைப் படித்துப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.