கரண்ட் போய் வந்ததும் எது தானாக எழும்? தன்னார்வக் கணிப்புக்கு விண்டோஸா, லினக்ஸா, மேக்கா?

ஆராய்ச்சிக்காக நம் கம்ப்யூட்டரைக் கணக்குப் போட விடும் தன்னார்வக் கணிப்புக்கு எந்த இயங்குதளம் நல்லது என்று பேச்சு வந்தால் எல்லோரும் வேகத்தைத்தான் ஒப்பிடுவார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு பார்த்தால் கேள்வியே வேறு. நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஐப்பசி பிறந்தால் சாயங்காலம் இடி மின்னலோடு கரண்ட் போகும், வரும், மறுபடி போகும். வீட்டில் ஆள் இல்லாத நேரத்திலும் தானாக எழுந்து, விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தொடரும் கம்ப்யூட்டருக்குத்தான் என் முதலிடம்.

புதியவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும் நேரத்தை ஆராய்ச்சியாளர்களுக்குக் கொடுப்பதுதான் இந்த வேலை. 1999இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய, வேற்றுக்கிரக உயிர்களின் சமிக்ஞையைத் தேடிய செட்டி@ஹோம் இதைப் பிரபலமாக்கியது. அது 2020 மார்ச்சோடு புது வேலை அனுப்புவதை நிறுத்திவிட்டது. ஆனால் திட்டங்களிடமிருந்து வேலையை வாங்கி நம் கம்ப்யூட்டரில் ஓட்டும் பாய்ங்க் (BOINC) மென்பொருள் அங்கே உருவானது, அது இன்னும் ஓடுகிறது. பல்சர் என்னும் துடிக்கும் விண்மீன்களையும் ஈர்ப்பு அலைகளையும் தேடும் ஐன்ஸ்டைன்@ஹோம், புரத வடிவங்களைக் கணிக்கும் ரொசெட்டா@ஹோம், செர்ன் அணுத்துகள் ஆய்வகத்தின் எல்எச்சி@ஹோம் எல்லாம் அதன் வழியாகத்தான் வருகின்றன. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கெடு உண்டு. ஐன்ஸ்டைனுக்கு வழக்கமாக 14 நாள், ரொசெட்டாவுக்கு 3 நாள். கெடு தாண்டினால் அதே வேலை வேறொருவர் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். நம் கரண்டும் வீண், அவர்கள் காத்திருந்ததும் வீண்.

விண்டோஸில் நிறுவுவது சுலபம். கிராபிக்ஸ் கார்டு இருந்தால் டிரைவரைப் போட்டதும் பாய்ங்க் அதைக் கண்டுகொள்ளும். பாய்ங்க் இல்லாமல் தனி மென்பொருளில் ஓடும் புரத ஆய்வுத் திட்டமான ஃபோல்டிங்@ஹோமும் அப்படித்தான். சிக்கல் கரண்ட் திரும்பி வந்த பிறகுதான் தொடங்குகிறது. சாதாரணமாக நிறுவினால், யாராவது உள்நுழைந்த பிறகே பாய்ங்க் வேலையைத் தொடங்கும். பாஸ்வேர்டு கேட்கும் திரையோடு அது ராத்திரி முழுக்க நிற்கும். பின்னணியில் ஓடும் சர்வீஸாக நிறுவினால் யாரும் உள்நுழையாமலே ஓடும், ஆனால் அப்போது கிராபிக்ஸ் கார்டைத் தொட முடியாது. இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்தாக வேண்டும். போதாததற்கு அப்டேட் என்று அதுவே ரீஸ்டார்ட் ஆகும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் பிராசசர்களில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் டிடிபி கடைகளில் மூலையில் கிடக்கும் நான்காம் தலைமுறை ஐ3, ஐ5 கம்ப்யூட்டர்கள் பலவும் இந்தக் கணக்கில்தான் வருகின்றன.

அந்தப் பழைய பெட்டிகளுக்கு லினக்ஸ் போடுங்கள் என்று தயங்காமல் சொல்வேன். லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ பதிப்போ டெபியனோ போதும், 4 ஜிபி ரேமில் நன்றாகவே ஓடும். அவற்றின் மென்பொருள் களஞ்சியத்திலேயே பாய்ங்க் இருக்கிறது. நிறுவியதும் அது பின்னணிச் சேவையாகிவிடும். முதலில் கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்பான பயோஸுக்குள் போய், கரண்ட் வந்தால் தானாக ஆன் ஆகும்படி மாற்றிவைக்க வேண்டும். அப்புறம் பாருங்கள்: கரண்ட் வந்த கொஞ்ச நேரத்தில் திரையில் உள்நுழைவுப் பெட்டி காத்திருக்கும், யாரும் பெயர்கூடத் தட்டியிருக்க மாட்டார்கள், ஆனால் விசிறி அதற்குள் முழு வேகத்தில் இரையும். கடைசி செக்பாயின்ட்டிலிருந்து, அதாவது கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து, கணக்கு ஓடத் தொடங்கியிருக்கும். கிராபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் கொஞ்சம் பாடு உண்டு. கிராபிக்ஸ் கார்டில் கணக்குப் போட உதவும் ஓபன்சிஎல் பேக்கேஜைத் தனியாகப் போட்டு, பாய்ங்க் பயனரை வீடியோ, ரெண்டர் குழுக்களில் சேர்க்க வேண்டியிருக்கும்.

லினக்ஸ் எல்லாவற்றிலும் மேல் என்று சொல்ல வரவில்லை. எல்எச்சி@ஹோமின் அட்லஸ் என்ற துகள் மோதல் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் அதை நேரடியாக ஓட்டலாம், கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸின் சுமை கிடையாது. ஆனால் நேரடி அட்லஸுக்குச் செக்பாயின்ட் இல்லை. நடுவில் கரண்ட் போனால் பல மணி நேரக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். நல்ல யுபிஎஸ் இல்லாத வீட்டில் அதை எடுக்காதீர்கள்.

எனக்கு மனதுக்கு மிக நெருக்கமானது ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து நடக்கும் கிளைமேட்பிரடிக்ஷன். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி அடித்தபோது கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பவில்லை. மின்கம்பங்கள் சாய்ந்து மாவட்டமே இருட்டில் கிடந்தது. இந்தத் திட்டம் நாளைக்கு வரும் புயலைச் சொல்லாது. தட்பவெப்பம் எப்படி மாறுகிறது, கடும் வானிலை எவ்வளவு அடிக்கடி வரக்கூடும் என்பதை ஒரே வானிலைக் கணினி மாதிரியை (மாடலை)த் திரும்பத் திரும்ப ஓட்டி ஆராயும். குளச்சலிலும் தூத்தூரிலும் உறவுக்காரர்கள் உள்ளவர்களுக்கு அதன் அருமை தெரியும். இங்கே இயங்குதளம் நேரடியாகவே முக்கியம். இந்தத் திட்டத்தில் இருவகை வேலைகள் உண்டு: ஓபன்ஐஎஃப்எஸ் வேலைகள் லினக்ஸுக்கு வந்தன, வெதர்@ஹோம் வேலைகளில் பல விண்டோஸுக்கு வந்தன. இந்தத் திட்டத்துக்காக ஒரு பெட்டியை ஒதுக்குபவர்கள் முதலில் எந்த இயங்குதளத்துக்கு வேலை வருகிறது என்று பாருங்கள். ஓபன்ஐஎஃப்எஸ்ஸுக்கு ரேமும் நிறைய வேண்டும், 4 ஜிபி பெட்டி தாங்காது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஒரே வேலையை இரண்டு பேருக்கு அனுப்பி விடைகளை ஒப்பிடுவது பல திட்டங்களின் வழக்கம். தசமக் கணக்கில் இயங்குதளத்துக்கு இயங்குதளம் நுணுக்கமான வித்தியாசம் வரலாம். அதனால் சில திட்டங்கள் விண்டோஸுக்கு விண்டோஸையும், லினக்ஸுக்கு லினக்ஸையுமே ஜோடி சேர்க்கும்.

மேக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆப்பிளின் எம் வரிசைச் சில்லுகள் குறைந்த கரண்டில் நிறைய வேலை செய்யும், ஐன்ஸ்டைனில் அவற்றுக்கென்றே செயலி உண்டு. ஆனால் ஃபோல்டிங்@ஹோம் மேக்கில் கிராபிக்ஸைப் பயன்படுத்தாது. வட்டைப் பூட்டிவைக்கும் ஃபைல்வால்ட் போட்டிருந்தால் கரண்ட் வந்த பிறகு பாஸ்வேர்டுக்காக நிற்கும். ஏற்கெனவே மேக் மினி வைத்திருப்பவர்கள் ஓட்டலாம், இதற்கென்று வாங்க வேண்டாம். பழைய ஆண்ட்ராய்டு போன்களிலும் பாய்ங்க் ஓடும். சார்ஜில் இருந்து, பேட்டரி 90 சதவீதம் தாண்டியிருந்தால்தான் ஓட வேண்டும், வைஃபை இணைந்திருந்தால்தான் கோப்புகளை அனுப்பிப் பெற வேண்டும் என்பது அதன் இயல்பு அமைப்பு. பேட்டரி உப்பத் தொடங்கிய போனில் தயவுசெய்து வேண்டாம்.

கரண்ட் பில்லையும் பார்க்க வேண்டும். 100 வாட் இழுக்கும் கம்ப்யூட்டர் 24 மணி நேரமும் ஓடினால் இரண்டு மாதத்தில் 144 யூனிட். இலவச யூனிட்டுகளில் பெரும்பங்கு அதிலேயே போய்விடும். ஏற்கெனவே 500 யூனிட்டை ஒட்டி இருக்கும் வீடு அதைத் தாண்டினால் பில் ஒரேயடியாக ஏறும். எந்த இயங்குதளமானாலும் பாய்ங்க் அமைப்பில் பிராசசரின் பாதி கோர்களை மட்டும் கொடுக்கலாம், ராத்திரி மட்டும் ஓடும்படி நேரம் குறிக்கலாம்.

மழைக்காலத்தில் நெட்டும் படுத்துவிடும் என்பதால் ஐன்ஸ்டைனுக்கு இரண்டு நாள் வேலையைக் கையிருப்பில் வையுங்கள். ரொசெட்டாவுக்கு அரை நாள் போதும், கெடு குறைவு. இடி வெட்டத் தொடங்கினால் பவர் பிளக்கோடு லேன் கேபிளையும் கழற்றிவிடுங்கள், மின்னல் அந்த வழியாகவும் போர்டுக்குள் வரும்.