ஹைபிரிட் கற்றாழை வாங்கப் போறீங்களா? என் 3,600 ரூபாய் போன கதையைப் படிச்சிட்டுப் போங்க

இன்னிக்குக் காலையில, எனக்குச் செடி வித்த அந்த ஆள் என்னை பிளாக் பண்ணிட்டான். இனி அவன்கிட்ட பேச வழியில்ல, அதனால இங்க கொட்டறேன்.

சமூக வலைதளத்துல செடி விக்கிற பக்கம் ஒண்ணு. மாடியில வளர்த்து கூரியர்ல அனுப்புற வகை. 'பிங்க் பிளஷ்', 'கிறிஸ்துமஸ் கரோல்' ரெண்டும் இருக்குன்னு போட்டிருந்தான். அமெரிக்காவுல கெல்லி கிரிஃபின்ங்கிற செடி வளர்ப்பாளர் கலப்பினமா (ஹைபிரிட்) உருவாக்கின அலங்காரக் கற்றாழைங்க இது. சின்னதா, இலை பூரா சிவப்பும் பிங்க்குமா மேடு தட்டி இருக்கும்.

வீடியோ கால்ல வந்தான். தொட்டியைத் திருப்பித் திருப்பிக் காட்டினான். அடியில முளைச்சிருந்த கன்னை விரலால ஒதுக்கி, "இது உங்களுக்கு ஃப்ரீக்கா" என்றான். காசைப் பத்தி வாயே திறக்கல. ஜிபே நம்பரை நானாத்தான் கேட்டேன். கன்னு, கூரியர் எல்லாம் சேர்த்து 3,600 ரூபாய்.

வந்ததுல ஒண்ணு வெறும் பச்சை, மேடும் இல்ல மண்ணும் இல்ல. கேட்டா, "வெயில்ல வைங்கக்கா, கலர் வரும்". வெயில் பட்டா சிவக்கும், சரி. மேடு எங்கய்யா முளைக்கும்? அடுத்த நாள் கதை மாறிச்சு: "அது விதை போட்டு எடுத்ததுக்கா, அப்படித்தான் இருக்கும்". ஹைபிரிட்டை விதையில எடுத்தா அது பிங்க் பிளஷே கிடையாது! கன்னு பிரிச்சோ, திசு வளர்ப்புலயோ (தாய்ச்செடித் துணுக்கை லேப்ல வளர்க்கிறது) வந்தாதான் தாய்ச்செடி அச்சு அப்படியே இருக்கும்.

இன்னொண்ணைப் பார்த்துதான் வயிறு எரியுது. நடுக்குருத்துல, இலை இடுக்குல, பச்சையா சொரசொரன்னு கட்டி கட்டியா பொங்கி நிக்குது. "பூ மொட்டுக்கா"ன்னான்! மொட்டு தண்டு விட்டு மேல வரும், இலை இடுக்குல மரு மாதிரி வராது. அது கற்றாழைச் சிலந்திப்பேன் (aloe mite)ங்கிற நுண்ணிய பூச்சி பண்ற வேலை. கண்ணுக்கே தெரியாது, காத்துலயே பக்கத்துச் செடிக்குப் போயிடும். 3,600 ரூபாய் குடுத்து நோயை வீட்டுக்குள்ள வரவழைச்சிருக்கேன்.

பெட்டி பிரிக்கிற வீடியோ கேட்டான், அனுப்பினேன். "பார்ட்னர்கிட்ட கேட்டுச் சொல்றேன்". அப்புறம் நீல டிக் மட்டும். இன்னிக்கு பிளாக்.

வளர்ப்பு முறையை விரிவா எழுதணும்னு இருந்தேன், இப்ப மனசு இல்ல. அவசரத்துக்கு இது மட்டும்: கன்னு பிரிச்சதா, விதையில வந்ததான்னு எழுத்துல கேளுங்க. செடி பக்கத்துல இன்னிக்குத் தேதி எழுதி வெச்சு, குருத்தைக் கிட்டக்க படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க. புதுச் செடியை மத்த கற்றாழைங்ககிட்ட சேர்க்காம தனியா வைங்க. வேரைச் சுத்தி கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) இருந்தா உதறிட்டு, மண்ணுல பெர்லைட்டோ (எடையில்லாத வெள்ளைத் துகள்) பருமணலோ நிறைய கலந்து நடுங்க, நட்ட உடனே தண்ணி ஊத்தாதீங்க. ஆன்லைன்ல ஏமாந்து பணம் போனா சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930, நுகர்வோர் புகாருக்கு 1915.

கட்டி வந்த செடியைத் தொட்டியோட கட்டிக் குப்பையில போட்டாச்சு. பக்கத்துல இருந்த பழைய தொட்டிங்க குருத்தை ஒவ்வொண்ணா லென்ஸ் வெச்சுப் பார்க்கணும், நான் மாடிக்குப் போறேன்.