சுங்கை சிப்புட் பூனை விடுதி: அறை நன்று, சுவர் வரலாறு அரைகுறை

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் பட்டணத்தின் பழைய கடைவரிசை ஒன்றில், மேல்மாடியில் நடக்கும் இந்தப் பூனை விடுதியில், தீபாவளிக்கு நாங்கள் வெளியூர் போயிருந்த நாள்களில் எங்கள் பூனையை விட்டிருந்தோம். ஓர் இரவுக்கு 25 ரிங்கிட். தீனியும் மணலும் அதற்குள் அடங்கும், குளிப்பாட்டி நகம் வெட்டுவதற்கு மட்டும் தனிக் கட்டணம். தடுப்பூசி அட்டை இல்லாத பூனையை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். கறாராகத் தோன்றினாலும், பல வீட்டுப் பூனைகள் அடுத்தடுத்துத் தங்கும் இடத்தில் அது அவசியமே.

கூண்டுகள் விசாலமானவை. உயரத்தில் அமர்ந்து நோட்டம் விடுவது பூனையின் இயல்பு என்பதால் ஒவ்வொன்றிலும் மேல்பலகை வைத்திருக்கிறார்கள். மணல் தட்டும் தீனிக் கிண்ணமும் எதிரெதிர் மூலைகளில் இருக்கின்றன. முதல் நாள் எங்கள் பூனை எதையும் தொடவில்லை என்பதை நாங்கள் கேட்காமலே தெரிவித்து, வீட்டில் என்ன கொடுப்பீர்கள் என்று விசாரித்து, மறுநாள் அவித்த மீனைச் சோற்றில் பிசைந்து வைத்தார்கள். நாய்களைச் சேர்ப்பதில்லை, மலாய்க்கார வாடிக்கையாளர்கள் தயக்கமின்றி வருவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பின்னறைக்குச் சன்னல் இல்லாததால் பிற்பகலில் நெடி அடிக்கிறது என்பது உண்மையான குறை.

வரவேற்பறைச் சுவரில் மனிதனுக்கும் பூனைக்குமான உறவின் வரலாற்றைப் படங்களாக மாட்டியிருக்கிறார்கள். அது எகிப்தின் பூனைத் தெய்வமான பாஸ்டெட்டில் தொடங்குகிறது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய மனிதப் புதைகுழி ஒன்றின் அருகே பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்டனர். அத்தீவுக்கு இயற்கையில் உரியதல்லாத பூனையை யாரோ படகேற்றிக் கொண்டுபோயிருக்க வேண்டும். அங்கிருந்தல்லவா தொடங்கியிருக்க வேண்டும்? அடுத்த படம் ஒரே தாவலில் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் 1871இல் நடந்த பூனைக் கண்காட்சிக்குப் போய்விடுகிறது. தெய்வத்துக்குக் காணிக்கையாகப் பதப்படுத்தப்பட்ட எகிப்தியப் பூனை உடல்கள் 1890இல் டன் கணக்கில் லிவர்பூலுக்குக் கப்பலேற்றப்பட்டு, அரைத்து வயலுக்கு எருவாகப் போனதைச் சுவர் சொல்லவில்லை. விருந்தாளிகள் பார்க்கும் இடம் என்று விட்டிருக்கலாம்.

ஆனால் நம் தோட்டத்துப் பூனையைச் சுவரில் சேர்க்காமல் விட்டதற்குச் சாக்கே கிடையாது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் அரிசி மூட்டைக்கு எலி வராமல் காத்ததற்குக் கூலியாக, நெத்திலித் தலையும் மிச்சச் சோறும் வாங்கித் தின்று, அடுப்படிச் சாம்பலில் படுத்திருந்த பூனை அது. இன்று செம்பனைத் தோட்டங்களில் எலி பிடிக்க மரக்கூடு வைத்து ஆந்தை வளர்க்கிறார்கள். வேலையை ஆந்தையிடம் விட்ட பூனைக்கு, லயத்தில் பிறந்த நாமே இரவுக் கட்டணம் கட்டுகிறோம். இந்த ஊரில் மாட்ட வேண்டிய முதல் படம் அதுதான் என்று உரிமையாளரிடம் சொன்னேன். பழைய புகைப்படம் இருந்தால் கொடுங்கள் என்றார்.

தீபாவளி, நோன்புப் பெருநாள் வாரங்களுக்கு முன்கூட்டியே பதிந்துகொள்ளுங்கள். சன்னலோரக் கூண்டைக் கேட்டு வாங்குங்கள்.