மறதிக்காரர்களின் மறதியில் காசு பார்க்கும் செயலி

எனக்கு ஏடிஹெச்டி, அதாவது கவனத்தை ஓரிடத்தில் நிறுத்தி வைக்க மூளை திணறும் நிலை. செய்ய வேண்டியவற்றைக் குறித்து வைக்கப் போன மாதம் ஒரு செயலியிடம் போய் மாட்டினேன். ஏடிஹெச்டி மூளைக்கென்றே செய்ததாம்.

முதலில் அவர்கள் இணையதளத்தில் ஒரு கேள்விப் பட்டியல். தள்ளிப்போடுகிறீர்களா, பொருட்களைத் தொலைக்கிறீர்களா என்று போய்க்கொண்டே இருந்தது. எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டேன். 'உங்களுக்கான திட்டம் தயாராகிறது' என்று ஒரு வட்டம் சுற்றியது. அப்புறம் கார்டு எண். ஏழு நாள் இலவசம். (பிறகு என் தம்பி வேண்டுமென்றே எல்லாவற்றுக்கும் இல்லை என்று போட்டுப் பார்த்தான். அவனுக்கும் அதே திட்டம்தான் தயாரானது.)

உள்ளே போனால் சாதாரண டு-டூ லிஸ்ட். ஒரு வேலையைச் சேர்க்கத் தேதி, வகை, முக்கியத்துவம், ஆகும் நேரம் என்று நான்கு கட்டம். மூன்றாவது கட்டத்துக்கு வருவதற்குள் என்ன எழுத வந்தேன் என்பதே மறந்துபோனது. எங்களில் பலருக்கு வொர்க்கிங் மெமரிதான், அதாவது கையில் இருக்கும் விஷயத்தைக் கொஞ்ச நேரம் மனதில் பிடித்து வைக்கும் நினைவுதான், காலை வாரும். எழுதிய ஒற்றை வரியை முதலில் வாங்கி வைத்துக்கொண்டு, மற்றதை அப்புறம் கேட்டால் என்ன?

நான்காம் நாள் திறந்தால், சிவப்பில் 'கெடு தாண்டியவை 23'. ஒரு நாள் விட்டதற்கு ஸ்ட்ரீக், அதாவது விடாமல் தொடர்ந்த நாட்களின் கணக்கு, பூஜ்யம். அதோடு அந்தப் பக்கமே போகவில்லை. குத்திக்காட்டினால் செய்துவிடுவோம் என்று நினைத்தவர் எங்களில் ஒருவரோடுகூடப் பேசியிருக்க மாட்டார்.

எரிச்சலில் செயலியை அழித்தேன். ஏமாந்தது அங்கேதான்: செயலியை அழித்தால் சந்தா ரத்தாகாது. தினமும் ஆறு நோட்டிபிகேஷன் அனுப்பியவர்கள், இலவச நாள் முடிவதைப் பற்றி மட்டும் மூச்சுவிடவில்லை. ஒரு வருடச் சந்தா மொத்தமாகப் போய்விட்டது. போனின் சந்தாப் பக்கத்தில் தேடினால் அங்கே அது இல்லவே இல்லை. கார்டு கொடுத்தது இணையதளத்தில் அல்லவா! ரத்து பட்டன் அங்கே ஆறாவது பக்கத்தில், வெளிறிய சாம்பல் எழுத்தில் இருந்தது. நுழைவது சுலபம், வெளியேறுவது கஷ்டம். இந்த மாதிரித் தந்திரங்களுக்கு ஹாரி பிரிக்னல் என்ற இணைய வடிவமைப்பு நிபுணர் 2010-இல் 'டார்க் பேட்டர்ன்' என்று பெயரே வைத்துவிட்டார்.

பணத்தைக் கேட்டதற்கு, நிபந்தனைகளில் எல்லாம் இருக்கிறது என்று பதில் வந்தது. மறப்பவனுக்குச் செயலி விற்று, அவன் மறந்ததற்கு வசூல்!

இலவசம் என்று கார்டு கேட்டால், பணம் போவது போனின் சந்தாப் பக்கம் வழியாகவா, இணையதளம் வழியாகவா என்று முதலில் பாருங்கள். சேர்ந்த கையோடு, அந்த நிமிடமே ரத்து செய்துவிடுங்கள். ரத்து செய்தாலும் பெரும்பாலும் இலவச நாட்கள் முடியும்வரை செயலி ஓடும். நாளைக்குச் செய்யலாம் என்று விடாதீர்கள், நம்மைப் பற்றி நமக்குத் தெரியாதா?